காலிரண்டும் அண்ணைக்கு, துலா எங்களுக்கு

"தங்கச்சி, உவருக்குச் சொல்லு. வெங்காயம் நுனி கருகுது. இனியும் தண்ணி காட்டாட்டில் மாட்டுக்குப் போடத்தான் உதவும்."

"இஞ்சேரும், அவருக்குச் சொல்லும். முதல்ல போய்த் தன்ரை பாத்தியைப் பாக்கட்டாம் எண்டு."

முதலில் சொன்னவர் என் அண்ணை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். பதில் சொன்னவர் இவர், அதாவது என் வீட்டுக்காரர். வேலிக்கு இந்தப் பக்கம். வேலியில் கட்டிய கிடுகு ஓலை உக்கிப்போய், ஒருவரின் மூக்கு மற்றவருக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் இருவரும் வருடக்கணக்காக நேரே கதைப்பதில்லை. எல்லாம் என் ஊடாகத்தான். காதில் விழுந்த செய்தியை விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்து நிற்பார்கள்.

அன்று பங்குனி வெய்யில் பிடரியில் ஏறியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குதுதானே? நான் என்ன தபால்காரியே?"

இருவரும் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

வேலியின் இரண்டு பக்கமும் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. பொருளாதாரத் தடை என்று அரசாங்கம் எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் வருவதை நிறுத்தியிருந்தது. போத்தலின் அடியில் கிடந்தது ராத்திரி விளக்குக்கே காணாது, தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு எங்கே போவது? அந்த வெங்காயம் போனால் எங்களுக்கு அந்த வருடச் சோறு போகும். அடுத்த நடவுக்கு முகட்டில் கட்டித் தூக்க விதை வெங்காயமும் இராது.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே ஏற்ற வழிதான் இல்லை. அந்த வழியை நாங்களே தொலைத்த விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டுதான் வருகிறது.

அபிவிருத்தி வந்து இறங்கியது

போன கிழமை இதே பத்தியில் இவரின் முந்திரிகைப் பந்தலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு மூத்தவள் கனடாவில் இருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அப்பாவை ஏனம்மா இப்பிடிக் கிழிக்கிறியள்? வாசிக்கிற ஆக்கள் அவரை ஒரு விசர், ஒரு பயந்தாங்கொள்ளி எண்டெல்லோ நினைக்கப்போகினம்."

நான் எதையும் கூட்டி எழுதவில்லை. பந்தலுக்குச் சீமெந்துத் தூண் போட்டதும் உண்மை, பழத்தைக் காகம் தின்றதும் உண்மை.

கொழும்பில் ஒரு கந்தோரில் இவர் கிளாக்கராக இருந்தார். நான் கொக்குவிலுக்குக் கொஞ்சம் தள்ளி, எனக்குச் சீதனமாக வந்த வளவில் இரண்டு பெண்பிள்ளைகளுடன் இருந்தேன். வருடத்தில் இரண்டு தரம் விடுமுறையில் வருவார், மாம்பழம் சாப்பிடுவார், போவார். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. எண்பத்துமூன்று கலவரத்தோடு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தார். உயிரோடு வந்தாரே என்று செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்து, தொண்டைமானாற்றுக்குப் போய்க் காவடியும் எடுப்பித்தேன். நேர்த்தி வைக்கும்போது, கூடவே ஒரு மூட்டை அபிவிருத்தியும் வந்து இறங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

அபிவிருத்தி என்பது இவரின் சொல். கந்தோரில் பழகியது. கோழிக்கூட்டைக் கிணற்றடிக்கு மாற்றினால் அபிவிருத்தி. கோழியெல்லாம் செத்தபின் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் அதுவும் அபிவிருத்தி. மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியாத மனிசன், தோட்டத்தைத் திருத்த வெளிக்கிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர் சத்தத்துக்குப் பயந்தவர். கொழும்பில் என்ன கண்டாரோ, அதை எங்களிடம் சொன்னதே இல்லை. தேங்காய் விழுந்தாலும் துள்ளி எழும்புவார்.

பங்கு பிரித்த விதம்

கிணறு எனக்கும் அண்ணைக்கும் பங்குக் கிணறு. சீதன உறுதியிலேயே அப்படித்தான் எழுத்து. அது சரியாக எல்லையில் இருந்தது. வேலி ஒரு பக்கத்தால் வந்து கிணற்றுக்கட்டில் முட்டும், மற்றப் பக்கத்தால் தொடரும். அந்தக் கிணற்றில் ஒரு துலா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நிலத்தில் நட்ட இரண்டு பனங்கால்களுக்கு நடுவே, பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற பலகை மாதிரி ஒரு நீளப் பனை மரம். அதன் ஒரு முனையில் கொடி என்கிற தடி தொங்கும், தடியின் அடியில் வாளி. ஒருவர் மரத்தின் மேலே முன்னும் பின்னும் நடப்பார், ஒருவர் கீழே கொடியைப் பிடித்து வாளியைத் தாழ்த்திச் சரிப்பார், ஒருவர் வாய்க்காலைத் திருப்பிப் பாத்திக்குப் பாத்தி விடுவார்.

ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அண்ணையின் முறை. இரண்டு முறைக்கும் அண்ணைதான் மிதிப்பார். கொடி பிடிக்க ஊரில் ஒருவர் வருவார். தண்ணீர் திருப்புவது நான். இப்படியே எத்தனையோ போகம் போனது.

இவர் ஒரு மெசின் வாங்கி வந்தார்.

"மெசின் போட்டால் கிணறு உவராப் போகும்" என்றார் அண்ணை.

"உது அறியாமை, மச்சான்" என்றார் இவர்.

என்னுடைய அண்ணையைப் பார்த்து அறியாமை என்றால் வேறு வினை வேண்டுமா? வார்த்தை தடித்தது. வேலி அரை அடி தள்ளி அடைத்திருக்கிறது என்ற கதை வந்தது. நாங்கள் போய் வந்த வேலிப் பொட்டை, அந்தச் சின்ன வழியை, இவர் முட்கம்பி போட்டு அடைத்தார். கடைசியில் அண்ணை சொன்னார், மெசின் நிற்கிற கிணற்றில் என்ரை துலா நில்லாது என்று. துலா பொது, அதிலே எங்களுக்கும் பாதி என்று இவர் சொன்னார்.

எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பங்கு என்றால் பங்குதான். மாமரத்தில் கிளைக்குக் கிளை பங்கு பிரித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாரை நடுவில் வைத்து இருவரும் துலாவைப் பங்கு பிரித்தார்கள். கால் இரண்டும் அண்ணைக்கு. மேலே கிடந்த மரம் எங்களுக்கு. கால் இல்லாத துலாவை என்ன செய்வது, துலா இல்லாத காலை என்ன செய்வது என்று படித்த மனிசன் விதானையாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பொம்பிளையள் உதுக்குள்ளை வராதையுங்கோ" என்றார்கள். வாளி ஒருவருடைய கணக்கிலும் வராததால் எனக்கு மிஞ்சியது.

அண்ணை அந்தக் கால்களைப் பிடுங்கித் தன் வளவு வாசல் படலைக்கு நட்டார். ஊரிலேயே இல்லாத உயரத்தில், கோயில் வாசல் மாதிரி ஒரு படலை. சில மாதத்தில் அவரும் ஒரு மெசின் வாங்கினார். கிணறு உவராகும் என்ற கதை போன இடம் தெரியவில்லை.

ரயில் பெட்டி

பிறகு பொம்பர் விமானம் வந்து குண்டு போடுகிற காலம் வந்தது. வளவுக்கு வளவு, பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார்கள். இவருக்கோ அதுதான் பெரிய அபிவிருத்தி.

துலாவை அறுத்து மேலே போட நினைத்தார். நல்ல வைரம் பாய்ந்த பனை. வாளின் பல்லுத்தான் போனது, மரத்தில் ஒரு கீறல் விழவில்லை. வேறு ஒருவராக இருந்தால் வேறு மரம் தேடியிருப்பார். இவர் துலாவின் நீளத்துக்குப் பங்கரை வெட்டினார். எங்கள் வீட்டில் நாலு பேர். பங்கரில் நாற்பது பேர் இருக்கலாம். "ரயில் பெட்டி" என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். துலாவை நடு வளையாக நீட்டி, அதன் மேலே தென்னங்குற்றி, அதன் மேலே மண்மூட்டை. அந்த ஒரு மரத்தை எடுத்தால் எல்லாம் பொறிந்து விழும்.

பொம்பர் இரைகிற சத்தம் கேட்டால் முதல் ஆளாக உள்ளே நிற்பவர் இவர்தான். நான் அடுப்பை அணைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது, உள்ளே மூலையில் இருந்து "கெதியா வாங்கோவன்" என்று குரல் வரும். எனக்கு வருகிற எரிச்சலில் பொம்பரே பரவாயில்லை என்று தோன்றும்.

மணி அடிக்கேக்கை

இனி அந்தப் பங்குனிக்கு வருகிறேன்.

இவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு போன அன்று பின்னேரம், நான் கிணற்றில் குடிதண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அண்ணையின் பெண்சாதி, என் மச்சாள், அள்ளிக்கொண்டிருந்தாள். வேலியை எங்கெல்லாமோ அடைத்த இவருக்குக் கிணற்றுக்குள் வேலி போட மட்டும் வழி தெரியவில்லை. அதனால் நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதையை விட்டதில்லை.

"பூமணி, வாளியால அள்ளி ஊத்தி எத்தினை பாத்தி நனைக்கிறது? என்ரை கை ரெண்டும் விட்டுப்போச்சு" என்றாள்.

"துலா இருந்தால் ரெண்டு தோட்டமும் தப்பும், மச்சாள்."

"துலா இருக்குத்தானே. உங்கடை பங்கருக்கு மேலை கிடக்கு. கால் எங்கடை படலையில நிக்குது."

"கேட்டால் தருவினமே?"

"ஏன் கேப்பான்? நாளைக்கு மத்தியானப் பூசை மணி அடிக்கேக்கை ரெண்டு பேரும் தொடங்குவம்" என்றாள் மச்சாள்.

மறுநாள் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்தது. நான் பங்கருக்கு மேலே ஏறி முதல் மண்மூட்டையை உருட்டிவிட்டேன். அதே நேரம் வேலிக்கு அப்பால் இரும்பு அலவாங்கு கல்லில் படுகிற சத்தம் கேட்டது. மச்சாள் படலைக் காலின் அடியைக் கிண்டத் தொடங்கியிருந்தாள்.

இவர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையளை எங்கை ஒளிக்கிறது? அவன் வந்து குண்டு போட்டால் என்ன செய்வீர்?"

"வெங்காயம் செத்தாப் பிறகு உதுக்குள்ளை ஒளிச்சிருந்து எதைத் தின்னுறது? சொல்லுங்கோ பாப்பம்."

"நான் விடமாட்டன். இது என்ரை பங்கு."

"உங்கடை பங்கு? இது என்ரை சீதனக் காணி, என்ரை அப்பர் வைச்ச துலா. உங்கடை எண்டு இதில கிடக்கிறது அந்த வாள் மட்டும்தான், அதுக்கும் பல்லில்லை."

அங்கால் அண்ணையின் குரல்: "படலையைப் புடுங்கினால் ஊர் மாடெல்லாம் உள்ளுக்கை வரும்!" மச்சாளின் பதில்: "வந்து தின்ன உள்ளுக்கை என்னப்பா கிடக்கு?"

இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னை விலக்கிவிட்டு அடுத்த மூட்டையைத் தானே தூக்கினார். முகம் வெளிறிப்போய் இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருதரம் வானத்தைப் பார்த்தார். அதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது, ஒரு பக்கம் இந்த மனிசனோடு மாரடிக்கிறேனே என்றும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கால் இரண்டும் பழைய குழியில் நின்றன. துலாவை ஏற்றிச் சமன் பார்க்கும்போது நடுவில் வேலி இடித்தது. அண்ணை கத்தியை எடுத்து வேலியின் நாலைந்து கதியால் தடியை வெட்டி எறிந்தார். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். வேலியில் ஒரு ஆள் போகிற வழி விழுந்துவிட்டது.

"கொடி பிடிக்கிற ஆள் வன்னிக்குப் போயிட்டான். ஆர் பிடிக்கிறது எண்டு கேள் தங்கச்சி" என்றார் அண்ணை.

இவர் வாளிப் பிடியைத் தடவிக்கொண்டு, "நான் பிடிக்கிறன் எண்டு சொல்லும்" என்றார்.

கொடி

விடிந்ததும் தொடங்கினோம். அண்ணை மேலே, இவர் கொடியில், நான் வாய்க்காலில். மச்சாள் தன் பக்கத்து வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பாத்திக்குள் புல் பிடுங்கினார்கள்.

முதல் பத்து வாளியிலும் வாய்க்காலில் விழுந்ததைவிட இவர் கட்டியிருந்த சாரத்தில் விழுந்ததுதான் கூட.

"கொடியை நேராப் பிடிக்கச் சொல்லு தங்கச்சி!"

"ஆறுதலா மிதிக்கச் சொல்லும்!"

"ஒரேயடியாக் கையை விடவேண்டாமெண்டு சொல்லு. தாழ்த்தின கொடியைப் படக்கெண்டு விட்டால் துலா எகிறும். நான் கிணத்துக்கைதான் விழுவன்."

அதை நான் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. இவர் கொடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதைக் கண்டேன். வெய்யில் ஏறுமுன் இருவருக்கும் ஒரு தாளம் வந்துவிட்டது. செம்மண் கறுத்துக்கொண்டு வந்தது. வாடிக் கிடந்த தாளில் தண்ணீர் ஏறுகிற வாசம் எனக்கு மூக்கில் அடித்தது.

அப்போதுதான் தெற்கில் இருந்து அந்த இரைச்சல் கேட்டது.

"பொம்பர்! இஞ்சாலை ஓடி வாங்கோ!" என்று மச்சாள் கத்தினாள். எங்கள் ரயில் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. வெட்டிய வேலிக்குள்ளால் பிள்ளைகளைத் தள்ளினேன். மச்சாள் அவர்களைத் தங்கள் பங்கருக்குள் இழுத்தாள். நானும் பங்கர் வாசலுக்கு வந்துவிட்டேன். வழக்கம்போல இவர் உள்ளே இருப்பார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கொடி கிணற்றுக்குள் அரைவாசியில் நின்றது. அண்ணை துலாவின் நடுவில், வானத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் நின்றார். இவர் கிணற்றுக்கட்டில் முழங்காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. வாய் "முருகா முருகா" என்றது.

பொம்பர் கீழே பதிந்தது. காது அடைத்துக்கொண்டது. அண்ணை ஒவ்வொரு காலாகப் பின்வைத்து, பின்வைத்து, துலாவின் அடிக்கு வந்து நிலத்தில் குதித்தார்.

"இறங்கியிட்டன்! விடும்! விட்டிட்டு ஓடி வாரும் மச்சான்!"

எத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணையின் வாயில் இருந்து அந்த மச்சான் வந்தது. இவர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

குண்டு எங்கேயோ வடக்கே விழுந்தது. எங்கள் தலையில் மண் உதிர்ந்தது. அதற்குள் இருவரும் பங்கருக்குள் வந்து விழுந்திருந்தார்கள். இவரின் உள்ளங்கை இரண்டும் உரிந்து இரத்தம் கசிந்தது. மச்சாள் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள்.

"விட்டிட்டு ஓடியிருக்கலாமே காணும்" என்றார் அண்ணை, நேரே இவரைப் பார்த்து.

"விட்டால் நீங்கள் கிணத்துக்கை எல்லோ."

அண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரி. அதுக்காகக் கடைசியில கொடியை அப்பிடியே எகிற விட்டனீர். வாளி கட்டில அடிச்சு நெளிஞ்சிருக்கும்."

"நீங்கள்தானே மச்சான் விடச் சொன்னனீங்கள்!"

"மெல்ல விடச் சொன்னனான்!"

தொடங்கிவிட்டார்கள். இத்தனை வருடம் என் ஊடாகப் பேசியதெல்லாம் இப்போது நேரே, உரத்த குரலில், என் இரண்டு காதுக்கும் நடுவில். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

வெங்காயம் தப்பியது. வாளி நெளிந்துதான் போயிருந்தது, அதோடேயே இறைத்தோம். மரம் கிணற்றில் நின்றதால் எங்கள் வீட்டுக்குப் பங்கர் இல்லை, அண்ணை வீட்டுக்குப் படலை இல்லை. ஊர் மாடெல்லாம் அண்ணையின் வளவால் நுழைந்து, வெட்டிய வேலிக்குள்ளால் வந்து, என் கத்தரிக்கன்றைத் தின்றன. "வேலியைத் திருப்பி அடையுங்கோவன்" என்று இருவரிடமும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பொம்பர் வந்தால் எந்த வழியால் ஓடுவது என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு இருவரும் ஒரே பக்கம்.

மூத்தவளுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல நேரமில்லை. அவள் வாசிக்கட்டும். உன்ரை அப்பா பயந்தவர்தான் பிள்ளை. நான் எழுதினதில ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பிறகும் அந்தக் கிணற்றடியில் எத்தனையோ தரம் பொம்பர் வந்தது. "ஓடி வாங்கோ" என்று நான் அண்ணையின் பங்கர் வாசலில் நின்று எத்தனையோ தரம் கத்தினேன். ஒரு தரமாவது சொல்லுக் கேட்டாரா? அண்ணை இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு அங்கேயேதான் நின்றார்.